மடங்குதான்னு மட்டும் கேட்டாங்க

எனக்கு இடது முட்டி மாற்று ஆபரேஷன் ஆனபிறகு பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "மடங்குதா?" வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிடுவார்கள். வாங்கிவந்த ஆரஞ்சுப் பழத்தைக் கையில் கொடுப்பதெல்லாம் அதற்கப்புறம்தான். மடங்கினால் கீழே உட்காரலாம், பூஜையில் உட்காரலாம், கல்யாணப் பந்தியில் இலை முன்னால் உட்காரலாம். முட்டி எதற்கு இருக்கிறது என்றால் உட்காருவதற்கு. நீளுகிறதா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மனுஷர் காலை நீட்டித்தான் நிற்கிறோம், நீட்டித்தான் நடக்கிறோம் என்பது அவ்வளவு வயசாகியும் அவர்கள் புத்தியில் ஏறவில்லை. அவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனாலும் திட்டுவேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பாட்டிலுக்குப் பிளாஸ்டிக் மூடி செய்கிற கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் வேலை செய்தேன். பேக்கிங் செக்‌ஷன். கடைசி ஒன்பது வருஷம் சூப்பர்வைசர். ஷிஃப்ட் முழுக்க நிற்க வேண்டும். உட்கார்ந்தால் தூக்கம் வரும் என்பது நிர்வாகத்தின் கண்டுபிடிப்பு. அதைச் சொன்ன மேனேஜர் சக்கரம் வைத்த நாற்காலியில் சுழன்றபடியே சொன்னார். நான் வலது காலில் முழு பாரத்தையும் போட்டு, இடது காலைக் கொஞ்சம் மடக்கிச் சாய்ந்து நிற்கப் பழகினேன். எட்டு மணி நேரம் கழித்து அந்தக் காலை நீட்டினால் வலிக்கும். அதனால் நீட்டாமல் விட்டேன். நான் செய்த கெட்டிக்காரத்தனம் அவ்வளவுதான்.

கால் வளைந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது ரிட்டயர்மென்ட் போட்டோவைப் பார்த்தபோது. கழுத்தில் சால்வை, கையில் சுவர்க் கடிகாரம். பக்கத்தில் நின்ற ஆறு பேரும் நேராக நிற்கிறார்கள். நான் மட்டும் ஒரு பக்கம் ஆள் தொங்கும் பஸ் மாதிரி சாய்ந்திருக்கிறேன். இடது குதிகால் தரையில் படவே இல்லை. போட்டோ எடுத்தவன் சரியில்லை என்று சொல்லிவிட்டு அதை பீரோவுக்குள் வைத்தேன்.

என் வீட்டுக்காரர் அத்திப்பட்டுப் பக்கம் அனல் மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாயால் ஆறுதல் சொல்லத் தெரியாத மனுஷன். அதற்குப் பதிலாகப் புதுவாயலில் இருந்து ஒரு இலவம்பஞ்சுத் தலையணை வாங்கிவந்தார். சாயங்காலம் நான் கட்டிலில் சாய்ந்ததும் என் முட்டிக்கு அடியில் அதைச் சொருகுவார். சொருகியதும் வலி இறங்கிவிடும். முட்டிக்கு வளைந்து கிடப்பதுதான் சுகம், அதுவும் வீங்கின முட்டிக்கு. இப்படி மூன்று வருஷம் சுகமாக வளைத்தோம். கடைசியில் நான் மல்லாந்து படுத்தால் முட்டிக்கும் மெத்தைக்கும் நடுவில் ஒரு சொம்பு நுழையும்.

திருவள்ளூரில் ஒரு எலும்பு டாக்டரிடம் போனோம். அவர் மேஜையில் ஒரு பிளாஸ்டிக் முட்டி இருந்தது. என்னோடு பேசிய நேரத்தைவிட அதை மடக்கி நீட்டி விளையாடிய நேரம் அதிகம். எக்ஸ்ரேயைப் பார்த்தார், குருத்தெலும்பு தேய்ந்துபோச்சு, மாற்றித்தான் ஆகணும் என்றார். பிறகு என்னைப் படுக்கவைத்து ஒரு நீளமான ஸ்கேலை முட்டியின் பக்கவாட்டில் வைத்து அளந்துவிட்டு, பக்கத்தில் நின்ற உதவி டாக்டரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். இருபது டிகிரி என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. என்ன இருபது என்று கேட்டேன். முழுசா நீள இருபது டிகிரி குறையுது, ஆபரேஷனில் சரியாயிடும்மா, என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தைப் பிரசாதம் மாதிரி கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். முன்னால் சொன்னது காதில் ஏறவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்து இறங்கும்போது ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் எங்களை நிறுத்தினாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயசு இருக்கும். புதுவாயலில் தனியாகவும் ஒரு சின்ன கிளினிக் வைத்திருப்பதாகச் சொன்னாள். ஆபரேஷனுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கிறது, அதுவரை தொடையை இறுக்கி முட்டியை மெத்தையில் அழுத்திப் பழகுங்கள், இப்போது எவ்வளவு நீட்டி வைக்கிறீர்களோ அவ்வளவும் பிறகு உதவும் என்று சொல்லி, படம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்தாள். பேச்சுக்கு நாலு தரம் "ஆன்ட்டி, ஆன்ட்டி" என்றாள். எனக்கு அதுவே பிடிக்கவில்லை. கழற்றிப் போடப்போகிற டயருக்கு எவனாவது காற்று அடிப்பானா என்று ஆட்டோவில் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். அந்தத் தாளை மடித்து ஆட்டோ சீட்டின் இடுக்கில் சொருகிவிட்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது, மயக்கத்தில் இருக்கும்போது காலை முழுசாக நீட்டிப் பார்த்ததாகவும் நேராக வந்துவிட்டதாகவும் சொல்லிவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் அந்தப் பெண் வந்தாள். முட்டிக்கு அடியில் எதுவும் வைக்கக் கூடாது, துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைக்கணும், முட்டி அந்தரத்தில் நின்று தன் பாரத்தில் தானே கீழே இறங்கணும் என்றாள். "தலையணை மட்டும் வேணாம் ஆன்ட்டி. வச்சா நல்லாத்தான் இருக்கும். அதனாலதான் வேணாங்கறேன்." என் வீட்டுக்காரர் பலமாகத் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்த அன்றே என் நாத்தனார் வந்து இறங்கினார். வீட்டுக்காரருக்கு அக்கா, அறுபத்தேழு வயசு. பெரியபாளையத்துக்கு அந்தப் பக்கம் நெல் நிலம் வைத்திருக்கிற குடும்பம். புருஷன் போனபிறகு நிலத்தை அவரே பார்த்துக்கொள்கிறார். அவருக்கும் இரண்டு முட்டியும் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. இடுப்பில் குடம் இருப்பது மாதிரி அசைந்து அசைந்து நடப்பார். கத்தி வைக்க மாட்டேன், ஆத்தா பார்த்துக்குவா என்பார். நாற்பது நாள் எனக்குச் செய்வதற்காக வந்தார். நன்றாகவே செய்தார். ஆட்டுக்கால் சூப்பில் இருந்து நாஷ்டா வரை நேரத்துக்கு வந்தது. அவர் சமையலில் குறை சொல்ல முடியாது. அதனால்தான் மற்றதில் அவரை எதிர்த்துப் பேச முடியவில்லை.

முதல் நாளே குதிகாலுக்கு அடியில் இருந்த துண்டை உருவித் தூர வைத்தார். பழைய இலவம்பஞ்சுத் தலையணையைக் கொண்டுவந்து முட்டிக்கு அடியில் சொருகினார்.

"வெட்டித் தெச்ச காலை அந்தரத்துல தொங்க வுடுவாங்களா? அந்தப் பொண்ணுக்கு இன்னா தெரியும்? கல்யாணமே ஆவல."

கல்யாணத்துக்கும் முட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை. நான் சிரித்தேன். நன்றாகச் சிரித்தேன்.

வாரத்துக்கு மூன்று நாள் அந்தப் பெண் புதுவாயலில் இருந்து ஸ்கூட்டரில் வருவாள். தெருமுனையில் சத்தம் கேட்டதும் நாத்தனார் தலையணையை உருவிக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவார், நான் துண்டைக் குதிகாலுக்கு அடியில் வைத்துக்கொள்வேன். இரண்டு கிழவிகள், பரீட்சை ஹாலில் பிட்டை ஒளிக்கிற பிள்ளைகளைப் போல. அவள் வந்து என் முட்டியை மடக்குவாள், பிறகு இரண்டு உள்ளங்கையையும் வைத்துக் கீழே அழுத்துவாள். நான் கத்துவேன். நாத்தனார் சமையலறையில் இருந்து உச்சுக் கொட்டுவார். தலையணை வைக்கிறீர்களா என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். இல்லை என்பேன். ஒரு நாள் அவள் பார்வை மெத்தையில் நின்றது. சரியாக முட்டி இருக்கிற இடத்தில் விரிப்பு குழிந்து கிடந்தது. நோட்டில் எதையோ எழுதிக்கொண்டு போனாள். வயசுக்கு ஏற்ற புத்தி இல்லாதவள் என்று அவளைப் பற்றி அன்றைக்கு நினைத்தேன். ஐம்பத்தொன்பது வயசில் ஒரு சின்னப் பெண்ணிடம் பச்சைப் பொய் சொல்லிவிட்டு அவளுக்குப் புத்தி இல்லை என்று நினைத்தவள் நான்.

மடங்குவது மட்டும் நன்றாக மடங்கியது. தொண்ணூறு, நூறு, நூற்றிப்பத்து. நாத்தனார் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் சொந்தக்காரர்களுக்கு போன் போட்டார். பக்கத்துத் தெருவில் ஒரு அம்மாவுக்கு எண்பதுதான் மடங்கியதாம். என்னவோ நான் ஜெயித்த மாதிரி எல்லோருக்கும் சந்தோஷம். அந்த நேரமெல்லாம் நான் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, பழைய காலத்து நடையையே புது முட்டியில் நடந்துகொண்டிருந்தேன். விரல் நுனி மட்டும் தரையில் படும், குதிகால் படாது.

ஆறாவது வாரம் டாக்டரிடம் போனோம். மடங்குவதைப் பார்த்துவிட்டு சூப்பர் என்றார். பிறகு நீட்டச் சொன்னார். ஸ்கேலை வைத்தார். முகம் மாறியது.

"பதினஞ்சு டிகிரி குறையுது. அடியில தலையணை வச்சீங்களா?"

என் வீட்டுக்காரர் சுவரில் இருந்த எலும்புக்கூடு படத்தைப் பார்த்தார்.

"நான் நேராக்கிக் குடுத்தேன்மா. நீங்க திரும்ப வளைச்சு எடுத்துட்டு வந்திருக்கீங்க."

கதவு திறந்திருந்தது. வெளியே காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். அந்த மனுஷனை நான் அன்று வெறுத்த மாதிரி கம்பெனி மேனேஜரைக்கூட வெறுத்ததில்லை. தலையணையைப் பற்றி அவர் வாயில் இருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. ஆபரேஷனில் சரியாயிடும் என்று சொன்னவர் அவர்தான். அதை ஒரு சின்னப் பெண்ணின் தலையில் கட்டிவிட்டு, இப்போது கை கழுவுகிறார். இதையெல்லாம் அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல நினைத்தேன். சொல்ல முடியாததற்குக் காரணம், அவர் சொன்னது உண்மை. மூன்று மாசம் வரை சதை இளகி இருக்கும், அதற்குள் இழுத்துப் பிடிக்காவிட்டால் இறுகிவிடும், அப்புறம் மயக்கம் கொடுத்து நீட்டுவதா மறுபடி திறப்பதா என்று யோசிக்க வேண்டி வரும் என்றார். மேஜையில் இருந்த பிளாஸ்டிக் முட்டியை ஒரு தடவை நீட்டிக் காட்டினார். அது தடங்கல் இல்லாமல் நீண்டது.

வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்தேன். நாத்தனார் தலையணையோடு வந்தார்.

"வேணாம்க்கா. எடுங்க."

"இன்னாத்துக்கு?"

"காலு நீளல. இதாலதான் நீளலயாம்."

"மடங்குது இல்ல? அப்புறம் இன்னா உனுக்கு? நீளலன்னா போவட்டும். நான் இல்ல? பத்து வருசமா நடந்துக்கினுதானே கீறேன்?"

அப்போது நான் சொன்னேன். யோசித்துச் சொன்னேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. எங்கே குத்தினால் வலிக்கும் என்று தெரிந்துதான் சொன்னேன்.

"உங்கள மாதிரி நடக்கறதுக்கா நான் காலை அறுத்துக்கினேன்?"

அவர் தலையணையை மார்போடு பிடித்தபடி நின்றார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்படவில்லை. குரல் தாழ்ந்துபோய்ச் சொன்னார்: "எனுக்கு வலிச்சப்ப யாரும் ஒரு தலகாணிகூட வெச்சது இல்லமா."

மறுநாள் காலையில் இட்லிக்கு மாவு கரைத்து மூடி வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பெரியபாளையம் பஸ் ஏறிப் போய்விட்டார். நாற்பது நாளுக்கு மேலேயே ஆகியிருந்தது, அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. என் வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "அக்கா ஒண்ணும் கெட்ட எண்ணத்துல செய்யல" என்றார். கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் என் கால் நேராக இருந்திருக்கும் என்றேன். கெட்ட எண்ணம் உள்ளவர்கள் யார் ஒரு நாளைக்கு ஆறு தடவை வந்து தலையணை சரி செய்கிறார்கள்?

அந்தப் பெண்ணுக்கு நானே போன் செய்தேன். தலையணை வைத்தேன், தினமும் வைத்தேன் என்று சொன்னேன். தெரியும் ஆன்ட்டி என்றாள். தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டேனே. நீங்க இல்லன்னீங்க."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். நாளைக்கு பத்து மணிக்குக் கிளினிக்குக்கு வர முடியுமா என்று மட்டும் கேட்டாள்.

கிளினிக் புதுவாயல் சாலையில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. முட்டி நோயாளிகளுக்கு மாடியில் வைத்தியம் செய்கிற ஊர் இது. பதினெட்டுப் படி. ஏறினேன். அவள் என்னைக் குப்புறப் படுக்கவைத்து, முட்டிக்குக் கீழ் இருந்த பகுதி கட்டிலுக்கு வெளியே தொங்கும்படி இழுத்துவிட்டாள். தொடையின் பின்பக்கம் கயிறு மாதிரி இழுத்தது. கணுக்காலில் எடை கட்டினாள். வீட்டில் செய்ய வேண்டியது அதைவிடச் சுலபம், அதைவிடக் கொடுமை. நாற்காலியில் உட்கார்ந்து எதிரில் ஒரு ஸ்டூலில் குதிகாலை வைத்துக்கொள்ள வேண்டும். முட்டிக்கு மேல் துணிப்பையில் ஒரு கிலோ உப்புப் பொட்டலம். பதினைந்து நிமிஷம், ஒரு நாளைக்கு நாலு தடவை. முதல் ஐந்து நிமிஷம் ஒன்றும் தெரியாது. பிறகு முட்டிக்குப் பின்னால் யாரோ மெதுவாகப் பிளப்பது மாதிரி இருக்கும். என் வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவார், என் காலைப் பார்க்க மாட்டார். பத்தாவது நிமிஷத்தில், "போதும்னு எடுத்துடட்டா?" என்பார். எடுத்தால் தெரியும் என்பேன்.

பத்து நாளில் பதினைந்து பன்னிரண்டானது. அதற்கப்புறம் இரண்டு வாரம் பன்னிரண்டிலேயே நின்றது. உப்பு இரண்டு கிலோவாகியும் நகரவில்லை. பார்க்க வந்த ஒருத்தி, கடவுள் கொடுத்த காலையே மாற்றினால் இப்படித்தான் என்றாள். கடவுள் கொடுத்த கால்தான் முதலில் வளைந்தது என்று சொல்லி டீ கொடுக்காமல் அனுப்பினேன். நானே விட்டுவிடலாம் என்று நினைத்த நாளும் உண்டு. ஒரு நாள் கிளினிக்கில் படுத்துக்கொண்டு அழுதேன். அந்தப் பெண் டிஷ்யூ கொடுத்தாள். கொடுத்தபடியே இன்னொரு கையால் முட்டியை அழுத்திக்கொண்டிருந்தாள். அவள்மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

மூன்றாம் மாசம் முடிவில் ஆறு டிகிரி. டாக்டர் ஓகே என்றார். தானே செய்த மாதிரி சந்தோஷப்பட்டார். இப்போது ஐந்து. அதற்குமேல் போகாது என்று தெரிகிறது. கால் நேராக ஆரம்பித்தபோது வேறு ஒரு வேடிக்கை நடந்தது. இடுப்பு சரிந்திருந்ததால் பல வருஷமாகப் புடவையை இடது பக்கம் ஏற்றிச் சொருகுவது என் பழக்கம். கை அதையே செய்துகொண்டிருக்க, ஒரு நாள் புதுவாயல் பஸ் நிறுத்தத்தில் நின்றபோது குனிந்து பார்க்கிறேன், இடது கணுக்கால் முழுக்கத் தெரிகிறது. இரண்டு காலிலும் சமமாக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஷிஃப்டுக்குப் போகிற பெண்கள் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அதில் இரண்டு பேர் ஒரு காலை மடக்கி, ஒரு பக்கம் சாய்ந்து. போய்ச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. நானாக இருந்தால் கேட்டிருப்பேனா?

எட்டு மாசம் கழித்து நாத்தனார் போன் செய்தார். எப்போதும் தம்பியிடம் பேசிவிட்டு வைத்துவிடுவார். அன்று என்னிடம் கொடுக்கச் சொன்னார். வயலுக்குப் போக முடியவில்லை, வரப்பில் இரண்டு தடவை விழுந்துவிட்டார், ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறார். எந்த டாக்டர் என்று கேட்டார். டாக்டர் கிடக்கட்டும், முதலில் ஒரு மாசம் அந்தப் பெண்ணிடம் போய்க் காலை நீட்டிப் பழகுங்கள் என்றேன்.

"அந்தக் கல்யாணம் ஆவாத பொண்ணா?"

"அதேதான்."

"ரொம்ப வலிக்குமா?" என்று கேட்டார்.

"வலிக்கும்க்கா," என்றேன்.

அன்று நான் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்கவில்லை. வாய் வரை வந்தது, வெளியே வரவில்லை. அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை புதுவாயலில் பஸ்ஸைவிட்டு இறங்கினார். நான் போய் நின்றிருந்தேன். பதினெட்டுப் படியையும் சேர்ந்து ஏறினோம். கையைப் பிடிக்கவில்லை, பிடித்தால் அவருக்குப் பிடிக்காது. ஒரு மாசம், வாரத்துக்கு இரண்டு தடவை, ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தார். முப்பது டிகிரியில் ஆரம்பித்து இருபதுக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் ஆபரேஷனுக்குப் போனார். இப்போது ஒரு காலில் எட்டு டிகிரிதான் குறைகிறது. அடுத்த காலைத் தை மாசம் செய்யப்போகிறார். குடம் இன்னும் இடுப்பில்தான் இருக்கிறது, ஆனால் பாதிக் குடம்.

பெரியபாளையம் பக்கம் முட்டி வலிக்கிறவர்களுக்கெல்லாம் அந்தப் பெண்ணின் நம்பரை அவர்தான் கொடுக்கிறார். அவளைக் கண்டுபிடித்ததே தான்தான் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கினு திரிவதாகக் கேள்வி. தம்பி பெண்டாட்டி தன் பேச்சைக் கேட்காமல் காலை வளைத்துக்கொண்டாள் என்றும், முதலிலேயே நீட்டச் சொன்னது தான்தான் என்றும் சேர்த்துச் சொல்கிறாராம்.